போருக்குப் போக யாரைக் கேட்க வேண்டும்? டீக்கடையில் முடியாத பேச்சு

சிம்மக்கல்வாசி · ஞாயிறு, இரவு 9.40

இன்று சாயங்காலம் நூலகத்தை விட்டு வெளியே வந்து வழக்கமான கடையில் டீயைக் கையில் வாங்கியதும் தொடங்கிய பேச்சு, கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்த பிறகும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே பேசலாம்.

ஒரு நாடு போருக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்த நாடே முடிவு செய்வதா, இல்லை ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தலையாட்டும் வரை காத்திருப்பதா? டீக்கடையில் நான் ஐ.நா. கட்சி. ஆளாளுக்கு 'என் நாடு, என் முடிவு' என்று கிளம்பினால் வல்லவன் வகுத்ததே வாய்க்கால் என்றாகிவிடும். 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் புகுந்தது அப்படித்தான். ஆயுதத்தை ஒழிக்க ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு என்று சொன்ன 1441ஆம் தீர்மானம் 2002 நவம்பரில் கவுன்சிலில் 15க்கு 0 என்று நிறைவேறியது உண்மை. ஆனால் 'படையெடுக்கலாம்' என்று அதில் எங்கும் இல்லை. அதற்காக இரண்டாவது தீர்மானம் ஒன்றைக் கொண்டுவரப் பார்த்தார்கள். தேறாது என்று தெரிந்ததும் ஓட்டுக்கே விடாமல் மார்ச் 20 அன்று குண்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். தேடிப்போன பேரழிவு ஆயுதம் கடைசிவரை கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். வரட்டும்.

தெப்பக்குளம் தம்பி · ஞாயிறு, இரவு 9.58

வந்துவிட்டேன் அண்ணே. டீக்கு நீங்கள் காசு கொடுத்ததால் அங்கே அடக்கி வாசித்தேன்.

1971ஐ எடுங்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தப் பக்கம் வந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களில் குண்டு போட்டன. மறுநாளே பாதுகாப்பு கவுன்சில் கூடியது. எதற்கு? சண்டையை நிறுத்து, படையைத் திருப்பிக் கூப்பிடு என்று சொல்ல. சோவியத் யூனியன் வீட்டோ (நிரந்தர உறுப்பினரின் தடை ஓட்டு) போட்டது, அந்தப் போரில் மட்டும் மூன்று முறை. சரி என்று பொதுச்சபைக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஓட்டு: நிறுத்தச் சொல்லி 104 நாடுகள், எதிர்த்து 11, எந்தப் பக்கமும் சேராமல் 10. உலகமே ஒரு பக்கம். நாம் நிறுத்தினோமா? டிசம்பர் 16 டாக்காவில் சரணாகதி, 93,000 பேர் கைதி. அந்த 104 பேர் சொன்னபடி ஒன்பது நாள் முன்னால் நிறுத்தியிருந்தால் வங்கதேசம் என்ற நாடு எங்கே?

1961இல் போர்ச்சுகலிடமிருந்து கோவாவை எடுத்ததும் இதே கதைதான். கவுன்சிலில் 7 ஓட்டு நமக்கு எதிராக, சோவியத் வீட்டோ காப்பாற்றியது. (இலங்கை அன்று நம் பக்கம் ஓட்டுப் போட்டது, அது வேறு விஷயம்.)

நல்ல பிள்ளையாக ஐ.நா. கதவைத் தட்டியது ஒரே ஒரு தடவை, 1948 ஜனவரி 1, காஷ்மீருக்காக. அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறோம்.

ஒத்தக்கடை வக்கீல் · ஞாயிறு, இரவு 10.31

தம்பி, தேதியெல்லாம் சரி. வாதம்தான் கோணல்.

ஐ.நா. சாசனம் எல்லாப் போருக்கும் முன்அனுமதி கேட்கவில்லை. 2ஆம் ஷரத்தின் 4ஆம் உட்பிரிவு, இன்னொரு நாட்டின் மேல் படைபலம் காட்டாதே என்கிறது. 51ஆம் ஷரத்து, உன்மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால் திருப்பி அடிக்கும் உரிமை உன்னுடையது, அடித்துவிட்டு உடனே கவுன்சிலுக்குத் தெரிவி என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற போருக்குத்தான் அனுமதி. 1971இல் இந்தியா 'இது உங்கள் வேலை இல்லை' என்று சொல்லவில்லை. முதல் அடி பாகிஸ்தான் அடித்தது என்று அங்கேயே நின்று வாதாடியது. சோவியத் வீட்டோ என்ன, ஐ.நா.வுக்கு வெளியிலா இருந்தது? அந்தக் கூரைக்குக் கீழேதான் ஒதுங்கி நின்றோம். நனையாமல் இருந்ததற்குக் கூரையைத் திட்டுகிறீர்கள்.

நம் அரசியல் சட்டத்திலும் 51 என்றே ஒரு பிரிவு உண்டு, தற்செயல்தான். சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தங்களையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஒரு 51 அடிக்கலாம் என்கிறது, ஒரு 51 யோசி என்கிறது. ஜூனியராக இருந்தபோது இரண்டையும் மாற்றிச் சொல்லிச் சீனியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் எங்கே என்றால், நடந்தது தற்காப்பா இல்லையா என்று முதலில் சொல்கிறவர் அடித்தவரேதான். மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? பொற்கொல்லன் பேச்சைக் கேட்டுத் தானே விசாரணை, தானே தீர்ப்பு என்று முடித்தவர் ஆண்ட ஊர் இது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக்கின் ஆயுதத்தைப் பற்றிப் பேசும்போது பாதுகாப்பு கவுன்சிலில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினாரே, அந்த இடத்தில் எனக்குப் பொற்கொல்லன்தான் ஞாபகத்துக்கு வந்தான். ஆனால் அன்றைக்குச் சபையில் 'உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா, உடைத்துப் பார்' என்று சொல்ல ஆள் இருந்தது. ஆயுத ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸ் வருடக்கணக்காகவும் வேண்டாம், வாரக்கணக்கும் போதாது, மாதங்கள் வேண்டும் என்று கேட்டார். கொடுக்கவில்லை.

கோரிப்பாளையம் சிக்னல் · ஞாயிறு, இரவு 10.34

ஐந்து நாட்டாமை வைத்த பஞ்சாயத்து. ஒருத்தர் துண்டை உதறி எழுந்தால் தீர்ப்பு கிடையாது. இதில் என்ன சட்டம், என்ன ஷரத்து? படுங்கப்பா.

பேரணை பாசனம் · திங்கள், காலை 5.50

வாய்க்கால் என்று எழுதிவிட்டார்கள், அதனால் வருகிறேன். மடை பார்க்கப் போகும் முன் நாலு வரி.

2006 பிப்ரவரியில் முல்லைப் பெரியாற்றில் 142 அடி தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் கூடி 136 அடிக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. எங்கள் சட்டமன்றம், எங்கள் மண், எங்கள் மக்கள் உயிர் என்றார்கள். அவர்கள் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அணைக்குக் கீழே குடியிருக்கிறவனுக்குத்தான் அது தெரியும். ஆனால் தீர்ப்பைச் சட்டம் போட்டு அழிக்க முடியுமா என்றுதான் கேள்வி. முடியாது என்று 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அந்த நவம்பரில் 142 தொட்டது. அன்றைக்கு இங்கே வெடி போட்டோம்.

எட்டு வருடம் ஆனாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்தது. ஏன் வந்தது? இரண்டு மாநிலத்துக்கும் மேலே ஒரு கை இருந்தது. இரண்டும் தனி நாடாக இருந்தால்? வக்கீல் சார் சொல்லட்டும்.

ஒத்தக்கடை வக்கீல் · திங்கள், காலை 8.15

சொல்கிறேன் அண்ணாச்சி. இதற்கு அச்சாக ஒரு வழக்கு இருக்கிறது.

நிகராகுவாவின் அரசை எதிர்த்த கலகக்காரர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது, துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தது. 1984இல் நிகராகுவா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்கா வாதாடிப் பார்த்தது, தோற்றது, பிறகு நடுவிலேயே எழுந்து போய்விட்டது. 1986 ஜூனில் தீர்ப்பு நிகராகுவா பக்கம். தீர்ப்பை நிறைவேற்று என்று பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போனால் அங்கே வீட்டோ வைத்திருப்பதே எதிர்க்கட்சிக்காரர். அவ்வளவுதான். ஒரு டாலர் வரவில்லை. 1991இல் நிகராகுவாவே வழக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

நம்மையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. கார்கில் போர் முடிந்த கையோடு 1999 ஆகஸ்டில் பாகிஸ்தான் கடற்படை விமானம் ஒன்றை நாம் சுட்டு வீழ்த்தினோம், 16 பேர் போனார்கள். பாகிஸ்தான் அதே ஹேக் நீதிமன்றத்துக்குப் போனது. காமன்வெல்த் நாடுகளோடு வரும் தகராறில் இந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஒப்புக்கொள்வதில்லை என்று நாம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தோம். அதைக் காட்டினோம். அதிகாரம் இல்லை என்று 2000 ஜூனில் வழக்கு வெளியே தள்ளப்பட்டது. 2017இல் பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த குல்பூஷண் ஜாதவுக்காக நாமே அதே வாசலுக்குப் போனோம், வேறு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு. கிட்டத்தட்ட ஜெயித்தோம். வேண்டும்போது கோர்ட்டு, வேண்டாதபோது இறையாண்மை. எல்லா நாட்டுக்கும் இதே ஃபைல்தான்.

தெற்கு மாசி வீதி · திங்கள், காலை 11.20

ஐ.நா., இறையாண்மை என்று இங்கே ஒரு நாளாக எழுதுகிறீர்கள், ஒருவர்கூட 2009 என்று எழுதவில்லை. ஆச்சரியமாக இருக்கிறது.

முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு கவுன்சில் அதை முறையான விவாதப் பொருளாகக்கூட எடுக்கவில்லை. போர் முடிந்து ஒன்பதாம் நாள், மே 27 அன்று, மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29க்கு 12 என்று ஜெயித்தது. ஆதரித்த 29இல் இந்தியாவும் உண்டு. அந்தத் தீர்மானம் எதைப் பிடித்து நின்றது தெரியுமா? இறையாண்மை, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை. தம்பி தூக்கிப் பிடிக்கும் அதே வார்த்தை. மூன்று வருடம் கழித்து ஐ.நா. நடத்திய உள்ளாய்வே நாங்கள் கடமையில் தவறினோம் என்று எழுதியது. சிம்மக்கல் அண்ணன் தூக்கிப் பிடிக்கும் அதே ஐ.நா.

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிம்மக்கல்வாசி · திங்கள், பகல் 1.05

பதில் இல்லை. இதைத்தான் டீக்கடையிலும் தவிர்த்துவிட்டுப் பேசினோம் என்று இப்போது தோன்றுகிறது.

திருநகர் டீச்சர் · திங்கள், இரவு 8.45

நான் வரலாறு எடுக்கிறவள், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். 'நாடு முடிவு செய்யும்' என்று தம்பி சுலபமாகச் சொல்கிறார். அந்த வாக்கியத்தில் நாடு என்பது யார்?

1939 செப்டம்பர் 3. இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியர் ஒருவரையும் கேட்கவில்லை. அதைக் கண்டித்துக் காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின, சென்னையில் ராஜாஜி அமைச்சரவை அக்டோபர் கடைசியில் போனது. அந்தச் செப்டம்பரில் நேதாஜி மதுரைக்கு வந்து போனதைப் பற்றி எங்கள் தெருவில் வயதானவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், 1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் நம் ஜஸ்டிஸ் கட்சி ஆற்காடு ராமசாமி முதலியார். அன்றைக்கு இந்தியாவுக்கு இறையாண்மையே கிடையாது. போருக்குப் போகும் உரிமையை ஒரு வரம்புக்குள் வைக்கச் சம்மதித்தோம், அந்த உரிமை நம் கைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே.

அப்புறம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் வாடிப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில். பழைய கட்டடத்தின் திண்ணைச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படி உண்டு. இங்கிலீஷில் நாலு வரி: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் அதன்மேல் சாப்பாட்டுப் பையை மாட்டுவார்கள். போன வருடம் வெள்ளையடித்தவர்கள் கல்லையும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊரிலிருந்து ஏன் போனார்கள், எந்தப் பாலைவனத்தில் செத்தார்கள் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அவர்களை டெல்லியும் கேட்கவில்லை, லண்டனும் கேட்கவில்லை.

இப்போது மட்டும் என்ன? வக்கீல் சார், போருக்குப் போக நம் பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டுமா?

ஒத்தக்கடை வக்கீல் · திங்கள், இரவு 9.10

வேண்டியதில்லை டீச்சர். 'போரும் சமாதானமும்' மத்திய அரசுப் பட்டியலில் 15ஆவது இனம். முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம், நடைமுறையில் அமைச்சரவையிடம். போரைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவித்தால்தான் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். போருக்கே வேண்டாம். பிரிட்டனில்கூட 2003இல் சபையில் ஓட்டெடுத்தார்கள், 412க்கு 149. ஓட்டெடுத்தும் தப்பான போருக்குத்தான் போனார்கள் என்பது வேறு.

மேலூர் ஹவில்தார் · செவ்வாய், காலை 6.30

வணக்கம். எனக்குத் தட்டி எழுத வராது, போனில் பேசிப் போடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். 1984இல் சேர்ந்து 24 வருடம் சர்வீஸ். இரண்டு வகையும் பார்த்தவன்.

1988இல் திருகோணமலை. எங்கள் படைக்குப் பெயர் அமைதி காக்கும் படை. ஐ.நா.வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் போட்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்னால், 87 ஜூன் 4, நம் விமானங்கள் இலங்கையைக் கேட்காமலே யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து அரிசி மூட்டை போட்டன. இறையாண்மை போச்சு என்று அவர்கள் கத்தினார்கள், நம் ஊரில் சந்தோஷப்பட்டோம். அடுத்து வந்த பிரேமதாசா 89 ஜூலைக்குள் போய்விடு என்றார். உடனே வரவில்லை, 90 மார்ச்சில்தான் கடைசிக் கப்பல். இந்தப் பக்கம் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள்.

எனக்குத் தமிழ் தெரியும் என்று சோதனைச் சாவடியில் நிற்க வைப்பார்கள். ஒரு நாள் கையில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா. எந்த இடம் தம்பி என்றார்கள். மதுரை என்றேன். 'மீனாட்சி அம்மன் ஊர்ப் பிள்ளையே? பிறகேன் துவக்கோட வந்தனீங்கள்?' என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. பையைத் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அதற்குத் திட்டு வாங்கினேன்.

2001இல் லெபனான். இது ஐ.நா. படை. அதே மாதிரி வண்டி, ஆனால் மேலே முழுக்க வெள்ளை பெயின்ட், கறுப்பில் இரண்டே எழுத்து, தலையில் நீலத் தொப்பி. எல்லைக்கோட்டைத் தாண்டி யார் வந்தாலும் மணி பார்த்து நோட்டில் எழுத வேண்டும், சுடுவது தற்காப்புக்கு மட்டும். அதிகமாகத் தாண்டியது ஆடுதான். அதையும் எழுதினோம். எங்கள் பட்டாலியன் கால்நடை டாக்டர் அங்கே ஊர் ஆடுகளுக்கு ஊசி போடுவார். நான் ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை, ஆடு பிடித்துக் கொடுக்கப் போவேன். அங்கே ஒருத்தரும் ஏன் வந்தாய் என்று என்னைக் கேட்கவில்லை. ஏன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் கேட்டார்கள்.

2003இல் திரும்பி வந்து கன்டோன்மென்டில் இருக்கிறேன். மே, ஜூன் மாதம் லங்கர் (பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடம்) வரிசையில் ஒரே பேச்சு, ஈராக்குக்கு ஒரு டிவிஷன் கேட்கிறார்கள் என்று. லெபனான் போய் வந்தவன் எல்லாம் டாலர் அலவன்ஸ் கணக்குப் போட்டான், நானும் போட்டேன், வீட்டுக்கு மேல்மாடி எடுக்க. ஜூலை 14 அன்று இல்லை என்று செய்தி வந்தது. அன்றைக்கு வருத்தப்பட்டேன்.

ஒத்தக்கடை வக்கீல் · செவ்வாய், காலை 9.25

ஹவில்தார் ஐயா, நீங்கள் சொன்ன ஜூலை 14தான் இந்தப் பேச்சுக்கே சாவி. அமெரிக்கா நேரடியாகக் கேட்கிறது, டெல்லியில் அனுப்பலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரலில்தான் மக்களவை அந்தப் போரைக் கண்டித்திருக்கிறது, அதிலும் 'நிந்தா' என்ற இந்தி வார்த்தையைப் போட்டு. அதைக் கண்டனம் என்றும் படிக்கலாம், வருத்தம் என்றும் படிக்கலாம். இந்த நிலையில் வாஜ்பாய் அரசு சொன்ன பதில்: ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் பரிசீலிக்கலாம். அமெரிக்காவின் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்லாமல் மறுக்க அந்த ஒரு வரி உதவியது.

தம்பி, இறையாண்மையைக் காப்பாற்றத்தான் அன்றைக்கு ஐ.நா. பயன்பட்டது. வல்லரசுக்கு ஐ.நா. தடையே இல்லை, அது தாண்டிப் போய்விடும். கூட வா என்று கூப்பிடப்படுகிற நடுத்தர நாட்டுக்குத்தான் அந்தச் சீட்டு தேவை.

தெப்பக்குளம் தம்பி · செவ்வாய், பகல் 12.40

சரி சார், பாதி ஒப்புக்கொள்கிறேன். மறுக்க உதவும், காப்பாற்ற உதவாது. ஜூலையில் நாம் ஐ.நா. ஆணை கேட்டோம், ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. அலுவலகத்தையே லாரி குண்டு வைத்துத் தகர்த்தார்கள், 22 பேர், தூதர் செர்ஜியோ டி மெல்லோ உட்பட. 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியதும் கவுன்சில் என்ன செய்தது? இருந்த படையை 270 ஆகக் குறைத்தது. ஒருவேளை பக்கத்து நாடு ஏதாவது ஒன்று 1971 மாதிரி கேட்காமல் உள்ளே போயிருந்தால்? இந்தக் கேள்விக்கு உங்கள் சட்டத்தில் இடம் இல்லை. அதனால் பாதிதான்.

ஹவில்தார் ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்த மேல்மாடி எடுத்தீர்களா?

மேலூர் ஹவில்தார் · செவ்வாய், மாலை 4.10

எடுத்தேன் தம்பி, ரிடையர் பணத்தில். 2004இல் ஈராக்கில் நடந்ததை டி.வி.யில் பார்த்து வீட்டுக்காரம்மா சாமிக்கு மாலை வாங்கிப் போட்டாள்.

திருநகர் டீச்சர் · செவ்வாய், மாலை 6.20

இன்று மதியம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அந்தக் கல்லைக் கழுவினேன். தேங்காய் நாரும் தண்ணீரும்தான். 41 பேர் போயிருக்கிறார்கள். இறந்தவர் எண்ணிக்கை மட்டும் 3ஆ 8ஆ என்று புரியவில்லை, எழுத்துக் குழியில் சுண்ணாம்பு இறுகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை.

மேலூர் ஹவில்தார் · செவ்வாய், மாலை 6.35

ஆணி வைத்து நோண்ட விடாதீர்கள் டீச்சர், கல் போய்விடும். இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். குழி இருக்கிற இடம் நிழல் விழும்.

திருநகர் டீச்சர் · செவ்வாய், இரவு 7.50

வாட்ச்மேனுக்குப் போன் போட்டு அடிக்கச் சொன்னேன். படம் அனுப்பினார். 8 ஐயா.